பக்கத்துச் சொல்

பீட்டர் மார்க் ரோஜெட் அடிப்படையில் மருத்துவர். லண்டன் ராயல் சொசைட்டியின் செயலாளராக இருபது ஆண்டுகளுக்கு மேல் இருந்தவர். அவருடைய திசாரஸ் 1852இல் வெளிவந்தபோது அவருக்கு வயது 73. ஆங்கிலத்தில் மாற்றுச்சொல் தேடுகிற எவரும் இன்றைக்கும் கைநீட்டுவது அந்தப் புத்தகத்தை நோக்கித்தான், அல்லது அதன் வழிவந்த ஏதோ ஒன்றை நோக்கி. ஆனால் அதன் முன்னுரையிலேயே அவர் ஒன்றைத் தெளிவுபடுத்திவிடுகிறார்: ஒரே பொருள் தருவதுபோலத் தோன்றும் சொற்களுக்கிடையே என்ன வேறுபாடு என்று ஆராய்வது தனித் துறை, அதில் தாம் இறங்கவில்லை. அவர் இறங்காமல் விட்ட இடத்தில்தான் என் பிழைப்பு நடக்கிறது.

சென்னையில் உட்கார்ந்துகொண்டு பிரிட்டன், அமெரிக்கப் பதிப்பகங்களுக்குக் காப்பி எடிட்டிங் செய்கிறவர்கள் நிறையப் பேர் இருக்கிறோம். மருத்துவ ஆய்விதழ், பொறியியல் நூல், சமூகவியல் தொகுப்பு என்று எல்லாம் எங்கள் கணினிக்கு வரும். இலக்கணப் பிழை, காற்புள்ளி, மேற்கோள் வடிவம் இவையெல்லாம் பழகிவிட்டால் கை தானாகச் செய்துவிடும். எத்தனை காலமானாலும் கை தானாகச் செய்யாத வேலை ஒன்று உண்டு. கிட்டத்தட்ட ஒரே பொருளுள்ள இரண்டு சொற்களில் எது இந்த இடத்துக்கு உரியது என்று முடிவு செய்வது. எனக்கு இந்தத் தொழிலில் மிகப் பிடித்ததும் அதுதான்.

வேர்டில் ஒரு சொல்லின்மேல் வலது க்ளிக் செய்தால் மாற்றுச்சொற்கள் வரிசையாக வந்து நிற்கும். புதிதாக வேலைக்கு வரும் பிள்ளைகள் அதை நம்பிவிடுகிறார்கள். அந்தப் பட்டியல் ரேஷன் கார்டு மாதிரி. குடும்பத்தில் யார் யார் இருக்கிறார்கள் என்று பெயர் இருக்கும். யாருக்கு யாரோடு பேச்சுவார்த்தை இல்லை என்பது அதில் இருக்காது.

தமிழிலிருந்து ஆங்கிலத்துக்குப் போகிற நமக்கு இதில் தனி ஆபத்து ஒன்று உண்டு. நம் ஒரே சொல் அங்கே இரண்டாகப் பிரிந்து கிடக்கும். 'துல்லியம்' என்று நாம் சொல்வது அவர்களுக்கு 'ஆக்யுரசி', 'ப்ரிசிஷன்' என்று இரண்டு. அன்றாடப் பேச்சில் அவர்களும் இரண்டையும் கலந்துதான் பேசுகிறார்கள். அளவியல் கட்டுரையில் கலக்க முடியாது. ஆய்வகத் தராசு ஒன்றில் 100 கிராம் எடைக்கல்லை ஐந்து முறை வைக்கிறோம், ஐந்து முறையும் 103 என்று காட்டுகிறது என்றால், அதில் ப்ரிசிஷன் இருக்கிறது, ஆக்யுரசி இல்லை. இன்னொரு தராசு 96, 104, 99, 102, 99 என்று காட்டுகிறது. சராசரி 100தான், உண்மை எடையைச் சுற்றித்தான் நிற்கிறது, ஆனால் ஒவ்வொரு தடவையும் ஒவ்வொன்று சொல்கிறது. முதல் தராசை ஒரு திருகைத் திருப்பிச் சரிசெய்துவிடலாம். இரண்டாவதன் கோளாறு வேறு, வைத்தியமும் வேறு. எந்தச் சொல் அச்சாகிறது என்பதைப் பொறுத்துப் படிக்கிறவர் எந்தக் கோளாறைத் தேடுவார் என்பது முடிவாகிறது.

'பாதுகாப்பு' என்பதும் அப்படித்தான். அணுமின் நிலையத்தைப் பற்றிய கட்டுரையில் 'சேஃப்டி' என்றால் விபத்து நேராமல் காப்பது. 'செக்யூரிட்டி' என்றால் வேண்டுமென்றே கெடுதல் செய்ய வருகிறவனிடமிருந்து காப்பது. முன்னதற்குக் குளிர்விப்பான் வேண்டும், பின்னதற்குக் காவலாளி. பொறியியல் கையெழுத்துப் பிரதிகளில் இந்த இரண்டும் இடம் மாறிக் கிடப்பதை அடிக்கடி பார்க்கிறேன்.

ஏன் மாறுகின்றன? பெரும்பாலும் அறியாமையால் இல்லை. எழுதியவர் விவரம் தெரிந்தவர். ஒரு பத்தியில் 'ஆக்யுரசி' என்று மூன்று முறை எழுதிவிட்டார், நான்காவது முறை கூச்சம் வந்துவிடுகிறது. ஒரே சொல்லைத் திரும்பத் திரும்ப எழுதுவது அழகில்லை என்று பள்ளிக்கூடத்தில் யாரோ சொல்லிக்கொடுத்தது மனதில் நிற்கிறது. உடனே 'ப்ரிசிஷன்' என்று போட்டுவிட்டு மேலே போகிறார். இங்கிலாந்தின் ஃபௌலர் சகோதரர்கள் 1906இலேயே இந்தப் பழக்கத்துக்குப் பெயர் வைத்து, அதை விட்டுவிடச் சொன்னார்கள். ஆனாலும் அது போகவில்லை. நம் ஊரில் அதற்கு இன்னும் ஆழமான வேர் இருக்கிறது என்று எனக்குத் தோன்றும். நன்னூல் சொல்லும் பத்துக் குற்றங்களில் 'கூறியது கூறல்' ஒன்று. அது நம் காதில் நன்றாக ஏறியிருக்கிறது. அதே பட்டியலில் 'மயங்க வைத்தல்' என்று இன்னொரு குற்றமும் இருக்கிறது. அது அவ்வளவாக ஏறவில்லை. சொன்ன கருத்தையே மறுபடி சொல்லாதே என்பதுதான் முதலாவதின் கட்டளை. ஒரு பொருளை ஒரே பெயரால் அழைப்பது அதில் அடங்காது. முதல் குற்றத்துக்குப் பயந்து சொல்லை மாற்றுகிறவர் இரண்டாவது குற்றத்தில் போய் விழுகிறார். அறிவியல் எழுத்தில் ஒரே சொல் பத்து முறை வந்தால் வரட்டும் என்பது என் கட்சி. படிக்கிறவருக்கு அது உதவியே தவிர உபத்திரவமில்லை.

மருத்துவக் கட்டுரைகளில் இது உயிர்ப் பிரச்சினை. 'இன்சிடென்ஸ்' என்பது ஒரு காலகட்டத்தில் புதிதாக நோய் வந்தவர்களின் கணக்கு. 'ப்ரிவலென்ஸ்' என்பது ஒரு நேரத்தில் அந்த நோயோடு இருக்கும் எல்லோரின் கணக்கு. எச்.ஐ.வி.யை எடுத்துக்கொள்ளுங்கள். உலக அளவில் புதிய தொற்றுகள் 1990களின் நடுப்பகுதிக்குப் பிறகு குறைந்து வந்திருக்கின்றன. அதே காலத்தில் எச்.ஐ.வி.யோடு வாழ்கிறவர்களின் எண்ணிக்கை கூடியிருக்கிறது, ஏனென்றால் மருந்து வந்துவிட்டது, சாகாமல் வாழ்கிறார்கள். ஒரு கணக்கு இறங்குவதும் நல்ல செய்தி, மற்றொன்று ஏறுவதும் நல்ல செய்தி. இந்த இரண்டு சொற்களையும் இடம் மாற்றிவிட்டால் நோய் பரவிக்கொண்டிருப்பதாக ஆகிவிடும், அதைப் பிடித்துக்கொண்டு ஒரு செய்தித்தாள் தலைப்பும் வந்துவிடும். 'மார்ட்டாலிட்டி', 'ஃபேட்டாலிட்டி' இரண்டுக்கும் இதே கதைதான். முன்னது மொத்த மக்கள்தொகையில் எத்தனை பேர் இறந்தார்கள் என்று கேட்கும். பின்னது நோய் வந்தவர்களில் எத்தனை பேர் என்று கேட்கும். வகுக்கும் எண் மாறும்போது சொல்லும் மாற வேண்டும்.

இவையெல்லாம் இலக்கணம் வகுத்த சொற்கள். புத்தகத்தைப் பார்த்தால் விடை கிடைத்துவிடும். கடினம் வேறு இடத்தில் இருக்கிறது.

விலங்குகளை வைத்துச் செய்த ஆய்வுக் கட்டுரையில் கடைசியில் ஒரு வரி வரும். எலிகள் இறுதியில் என்ன செய்யப்பட்டன என்ற வரி. நெடுங்காலமாக ஆய்வாளர்கள் அங்கே 'சாக்ரிஃபைஸ்' என்று எழுதினார்கள். பலி. பலி என்றால் ஒரு சாமி இருக்க வேண்டும், கொடுக்கிறவர் எதையோ இழக்க வேண்டும். இங்கே எலிதான் இழக்கிறது. இப்போது பல ஆய்விதழ்கள் அந்தச் சொல்லை ஏற்பதில்லை. அதற்குப் பதில் 'யூத்தனைஸ்' என்று எழுதி வருகிறது. கிரேக்கத்தில் அதன் வேர் 'நல்ல மரணம்'. தீராத வலியில் கிடக்கும் உயிரின் வலியைத் தீர்ப்பதற்காக முடித்துவைப்பது என்பதுதான் அந்தச் சொல்லைக் கேட்டதும் படிக்கிறவர் மனதில் எழும். நோயில்லாத எலியை அதன் கல்லீரலைப் பார்ப்பதற்காகக் கொல்லும்போது அந்தச் சொல் பொருந்துமா? வலியில்லாத முறையில் செய்தோம் என்பதைச் சொல்ல அது உதவுகிறது என்று ஆய்வாளர்கள் வாதிடுவார்கள், அந்த வாதத்தில் நியாயம் உண்டு. ஆனால் எந்த மயக்கமருந்து, எவ்வளவு, எப்படி என்பதை அடுத்த வரியிலேயே எழுதிவிடுகிறார்களே, வலி குறைத்த செய்தி அதிலேயே வந்துவிடுகிறதே. மிச்சமிருப்பது நடந்ததைச் சொல்லும் ஒரு வினைச்சொல். ஆய்விதழின் விதி இடம் கொடுத்தால் நான் 'கில்' என்ற சொல்லைப் பரிந்துரைப்பேன். நான்கெழுத்துச் சொல், நடந்ததை அப்படியே சொல்கிறது. ஆசிரியர்கள் சிலர் அதைப் பார்த்துத் துடித்துப்போவார்கள். அந்தத் துடிப்பு வாசகருக்கும் வரட்டுமே. செய்தது இன்னதென்று தெரிந்து செய்ததாக இருக்கட்டும்.

மனிதர் இறந்தாலும் இதே சிக்கல். நம் நாட்டு ஆஸ்பத்திரிக் குறிப்பேடுகளில் 'எக்ஸ்பயர்டு' என்றுதான் இருக்கும். அங்கிருந்து கட்டுரைக்கு வந்துவிடும். மாத்திரை அட்டைக்கும் பாஸ்போர்ட்டுக்கும் ஆவதை மனிதருக்கு எழுதுவதில் எனக்கு உடன்பாடில்லை. 'டைடு' என்று மாற்றிவிடுவேன். 'சப்ஜெக்ட்' என்று வந்தால் 'பார்டிசிபன்ட்' ஆக்குவேன், ஏனென்றால் ஆய்வுக்குச் சம்மதித்துக் கையெழுத்துப் போட்டு வந்தவர் அவர்.

ஆங்கிலத்துக்கு ஏன் இவ்வளவு இரட்டைச் சொற்கள் என்றால் பாதி விடை வரலாற்றில் இருக்கிறது. 1066இல் நார்மன்கள் இங்கிலாந்தைப் பிடித்தபின் அரண்மனையும் நீதிமன்றமும் பிரெஞ்சு பேசின, வயலும் அடுப்படியும் பழைய ஆங்கிலம் பேசின, மடாலயமும் பல்கலைக்கழகமும் லத்தீனில் எழுதின. கேட்பதற்கு 'ஆஸ்க்' மண்ணிலிருந்து வந்தது, 'கொஸ்சின்' பிரெஞ்சு வழியாக, 'இன்டராகேட்' லத்தீனிலிருந்து. தாய் பிள்ளையைக் கேட்பது முதலாவது. போலீஸ் கைதியைக் கேட்பது மூன்றாவது. நம் அரசு அலுவலக ஆங்கிலம் பின்னிரண்டு அடுக்குகளின்மேல் தீராத காதல் கொண்டது. 'பிகின்' போதுமான இடத்தில் 'கமென்ஸ்', 'பை' போதுமான இடத்தில் 'பர்ச்சேஸ்', 'லிவ்' போதுமான இடத்தில் 'ரிசைட்'. விண்ணப்பப் படிவத்தில் அவை இருந்துவிட்டுப் போகட்டும். ஒரு கிராமத்துப் பெண்ணின் வாழ்வைச் சொல்லும் மானுடவியல் நூலில் அவள் 'ரிசைட்' செய்யும்போது அவளுக்கும் வாசகருக்கும் நடுவில் ஒரு மேசை வந்து உட்கார்ந்துவிடுகிறது.

சொல்தேர்வு எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு என் மனதில் எப்போதும் இருக்கும் உதாரணம் வில்லியம் டிண்டேல். கிரேக்க மூலத்திலிருந்து புதிய ஏற்பாட்டை ஆங்கிலத்தில் மொழிபெயர்த்து 1526இல் ஜெர்மனியின் வோர்ம்ஸ் நகரில் அச்சிட்டார். 'எக்ளேசியா' என்ற கிரேக்கச் சொல்லுக்கு 'சர்ச்' என்று எழுதாமல் 'காங்கிரிகேஷன்' என்று எழுதினார், அதாவது கூடியிருக்கும் மக்கள். 'ப்ரீஸ்ட்' என்று எழுத வேண்டிய இடத்தில் 'சீனியர்' என்றார். 'சாரிட்டி' இருந்த இடத்தில் 'லவ்'. பாவத்துக்குப் பரிகாரச் சடங்கு செய் என்று வழங்கிவந்ததை 'ரிபென்ட்' என்று, மனந்திரும்பு என்ற பொருளில், மாற்றினார். அகராதியை வைத்துப் பார்த்தால் எல்லாம் சிறு நகர்வுகள். ஆனால் அந்த நாலு நகர்வில் கட்டடம் போய் மக்கள் வந்தார்கள், பூசாரி போய்ப் பெரியவர் வந்தார், காணிக்கை போய் அன்பு வந்தது, சடங்கு போய் மனம் வந்தது. கத்தோலிக்கத் திருச்சபையின் பக்கம் நின்ற தாமஸ் மோர் 1529இல் இதற்காகவே டிண்டேலை எதிர்த்து எழுதினார். சர்ச், ப்ரீஸ்ட், சாரிட்டி மூன்றையும் பெயர் சொல்லிக் குறிப்பிட்டுத் தாக்கினார். அவர் மதவெறியில் கத்தவில்லை என்பதைச் சொல்ல வேண்டும். பக்கத்துச் சொல்லை எடுத்துப் போட்டால் என்ன இடியும் என்பது அவருக்குத் துல்லியமாகத் தெரிந்திருந்தது.

எனக்கு இதில் மிகப் பிடித்த பகுதி அதற்குப் பிறகு நடந்தது. மோருக்கு 1531இல் எழுதிய பதிலில் டிண்டேல் மற்ற மூன்று சொற்களையும் விட்டுக்கொடுக்கவில்லை. 'சீனியர்' மட்டும் நல்ல ஆங்கிலமாக இல்லை என்று ஒப்புக்கொண்டார். 1534ஆம் ஆண்டுத் திருத்திய பதிப்பில் அந்த இடத்தில் 'எல்டர்' இருக்கிறது. தன்னைத் தீயில் போடத் துடிக்கிற தரப்பிலிருந்து வந்த கண்டனத்தில்கூடச் சரியானது எது என்று பிரித்து எடுத்துக்கொள்ள அவரால் முடிந்தது. கொள்கைக்காக நிற்க வேண்டிய சொல் எது, காதுக்காக மாற்ற வேண்டிய சொல் எது என்று அவருக்குத் தெரிந்திருந்தது. 1535இல் மோர் மன்னரின் ஆணையால் தலை வெட்டப்பட்டார். 1536இல் டிண்டேல் பிரஸ்ஸல்ஸுக்குப் பக்கத்தில் கழுத்தை நெரித்துக் கொல்லப்பட்டு எரிக்கப்பட்டார். பிறகு மன்னர் முதலாம் ஜேம்ஸ் புதிய மொழிபெயர்ப்புக்கு ஆணையிட்டபோது, பழைய திருச்சபைச் சொற்களையே வைக்க வேண்டும், 'சர்ச்' என்பதை 'காங்கிரிகேஷன்' ஆக்கக் கூடாது என்று விதியே எழுதிக் கொடுத்தார்கள். 1611 பதிப்பு அப்படியே வந்தது. ஆனாலும் டிண்டேலின் 'எல்டர்' அதில் பல இடங்களில் தங்கிவிட்டது.

நம் காலத்துக்கு அருகில் வேண்டுமானால் 1962 அக்டோபர் 22ஆம் தேதியைப் பார்க்கலாம். சோவியத் ஏவுகணைகள் வந்திறங்கிய கியூபாவைச் சுற்றிக் கப்பல்களை நிறுத்தப்போவதை அமெரிக்க அதிபர் கென்னடி தொலைக்காட்சியில் அறிவித்தார். அதற்கு வழக்கமான சொல் 'ப்ளாக்கேட்'. சர்வதேசச் சட்டத்தில் அது போர் நடவடிக்கை. அவர் 'குவாரன்டீன்' என்றார். கடலில் அதே கப்பல்கள், அதே பீரங்கிகள். மாஸ்கோவுக்குப் பின்வாங்க ஓர் இடைவெளி கிடைத்தது அந்தச் சொல்லில்.

திரும்ப என் மேசைக்கு வருகிறேன். பொருளால் பிரிக்க முடியாத சொற்களைச் சகவாசத்தால் பிரிக்க முடியும். டீக்கடையில் நாமே 'ஸ்ட்ராங்கா ஒரு டீ' என்கிறோம், 'பவர்ஃபுல்லா ஒரு டீ' என்று யாரும் கேட்டதில்லை. எஞ்சினுக்கு 'பவர்ஃபுல்' வரும். இரண்டுக்கும் அகராதியில் 'வலிமை' என்றுதான் இருக்கும். எந்தச் சொல் எந்தச் சொல்லோடு சேர்ந்து நடமாடுகிறது என்பதை லண்டன் பேராசிரியர் ஜே.ஆர். ஃபர்த் 'கலொகேஷன்' என்று அழைத்தார். அவர் வழிவந்த ஜான் சின்க்ளேர் பர்மிங்ஹாம் பல்கலைக்கழகத்தில் லட்சக்கணக்கான வாக்கியங்களைக் கணினியில் திரட்டி, அதிலிருந்தே ஓர் அகராதியை 1987இல் கொண்டுவந்தார். அவர் காட்டிய ஓர் உண்மை என் வேலையை மாற்றியது. 'செட் இன்' என்ற வினைச்சொல்லோடு வருவதெல்லாம் அழுகல், விரக்தி, தொற்று, மோசமான வானிலை. நல்லது எதுவும் பெரும்பாலும் 'செட் இன்' ஆவதில்லை. எந்த அகராதியும் அதுவரை அதைச் சொல்லவில்லை, அந்த மொழியில் பிறந்தவர்கள்கூட அறிந்து சொன்னதில்லை, ஆனால் எல்லோரும் அப்படியே எழுதிக்கொண்டிருந்தார்கள்.

'காஸ்' என்ற வினையும் அப்படித்தான். அதன் பின்னால் பெரும்பாலும் சேதம், மரணம், தொல்லை வரும். 'இந்தச் சிகிச்சை முன்னேற்றத்தைக் காஸ் செய்தது' என்று ஒரு வாக்கியம் வந்தால் இலக்கணம் சரி, காது நெருடும். பழக்கத்தில் 'லெட் டு' என்று மாற்றிவிடலாம். ஆனால் மருத்துவக் கட்டுரையில் அவசரப்படக் கூடாது. அந்த ஆய்வு எப்படி நடந்தது என்று மேலே போய்ப் படிக்க வேண்டும். குலுக்கல் முறையில் இரண்டு குழுவாகப் பிரித்துச் செய்த சோதனை என்றால் 'லெட் டு' நிற்கும். மருத்துவமனைப் பதிவேடுகளைப் புரட்டி எடுத்த முடிவு என்றால் காரணம் என்றே சொல்லக் கூடாது, 'அசோசியேட்டட் வித்' என்ற அளவோடு நிறுத்திக்கொள்ள வேண்டும். ஒரு வினைச்சொல்லை மாற்றப் போன நான் முறையியல் பகுதியை முழுக்கப் படித்துவிட்டுத் திரும்புவேன். திரும்பி வந்தும் நானாக மாற்றுவதில்லை, ஆசிரியருக்குக் கேள்வியாக ஓரத்தில் எழுதி வைப்பேன். கேள்வி எழுதுவதிலும் சொல்தேர்வு உண்டு. 'தவறு' என்று எழுதினால் அவர் சண்டைக்கு வருவார். 'இந்த ஆய்வு முறைக்கு இந்தச் சொல் தாங்குமா?' என்று கேட்டால் உட்கார்ந்து யோசிப்பார்.

சகவாசமும் விடை சொல்லாதபோது எதிர்ச்சொல்லைத் தேடுவேன். 'ரஃப்', 'கோர்ஸ்' இரண்டுமே சொரசொரப்பு. 'ரஃப்' என்பதற்கு எதிர் வழவழப்பு, 'கோர்ஸ்' என்பதற்கு எதிர் நைசு. எனவே கல்லின் மேற்பரப்புக்கு முதலாவது, உப்புக்கும் மணலுக்கும் இரண்டாவது. மண் அறிவியல் கட்டுரை ஒன்றில் துகள்களுக்கு 'ரஃப்' என்று வந்திருந்தது. எதிர்ச்சொல்லை யோசித்ததும் அது துகளின் அளவைச் சொல்கிறதா, மேற்பரப்பைச் சொல்கிறதா என்ற கேள்வி தானாக எழுந்தது. ஆசிரியர் இரண்டையும் அளந்திருந்தார். எதைச் சொல்லவந்தார் என்பது அவருக்குத்தான் தெரியும்.

பிறகு வாய். வாக்கியத்தைச் சத்தமாகப் படித்துப் பார்ப்பேன். அலுவலகத்தில் முணுமுணுப்பாக. 'ஹெல்ப்' ஓரசை, 'அசிஸ்ட்' ஈரசை, 'ஃபசிலிட்டேட்' நான்கசை. வாக்கியத்தின் கடைசியில் நிற்கும் சொல் குட்டையாகவும் கனமாகவும் இருந்தால் ஆங்கிலம் நன்றாக முடியும்.

இத்தனையும் பார்த்தபின்னும் பிரிக்க முடியாத சில ஜோடிகள் மிஞ்சும். 'பிக்', 'லார்ஜ்'. 'ஸ்டார்ட்', 'பிகின்'. பொருளும் தாங்குகிறது, சகவாசமும் தாங்குகிறது, எதிர்ச்சொல்லும் உதவவில்லை, வாயும் இரண்டையும் ஒத்துக்கொள்கிறது. எனக்கு ஒன்று கூடுதலாகப் பிடித்திருக்கும். ட்ராக் சேஞ்சஸ் திறந்திருக்கும், விசையைத் தட்டினால் மாறிவிடும். ப்ரூஃப் தாளில் திருத்திய காலத்தில் அதற்கு ஒரு குறி இருந்தது. அடித்த சொல்லின் கீழே புள்ளி புள்ளியாக வைத்து, ஓரத்தில் 'ஸ்டெட்' என்று எழுதுவோம், லத்தீனில் 'இருக்கட்டும்' என்று. அந்த வாக்கியத்தை எழுதியவர் என்னைவிட அதிக நேரம் அதோடு இருந்தவர். அவர் போட்ட சொல்லையே விட்டுவிட்டு அடுத்த வரிக்குப் போகிறேன்.